19 வருஷப் பழைய தளத்தைப் பிரிச்சுப் போட்டு மறுபடி கட்டியிருக்கேன், குறை சொல்லுங்க

நாடாஓட்டம் | வெள்ளி, இரவு 11.20

வணக்கமுங்க. இங்க பழைய ஆளுங்க சிலருக்கு என் தளம் ஞாபகம் இருக்கலாம். 2006ல பிளாகர்ல ஆரம்பிச்சது. தமிழ்ல வலை வடிவமைப்பு சொல்லித் தர்ற தளம்னு பேரு. உண்மையில அன்னைக்கு வந்த கூட்டம் முக்காவாசி "மூணு பத்தி டெம்ப்ளேட் வேணும், ஓரத்துல கடிகாரம் ஓடணும்"னு கேட்டு வந்ததுதான். நானும் இ-கலப்பைங்கற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்ல தட்டித் தட்டி, டேபிள் போட்டுப் பக்கம் கட்டாதீங்க, பக்கத்தோட தோற்றத்தை எழுதற சிஎஸ்எஸ் கத்துக்கங்கனு மாரடிச்சேன். 2011ல சொந்த டொமைன் வாங்கி முதல்ல பிளாகர்ல மாட்டினேன், அப்புறம் வேர்ட்பிரஸுக்கு மாறினேன். 2017ல கடைசிப் பதிவு. அப்புறம் வேலை, வீடு, குழந்தை. வருஷா வருஷம் டொமைனுக்குப் பணம் கட்டினதோட சரி.

போன மாசம் பொண்ணு "அப்பா, நீ செஞ்ச வெப்சைட்டைக் காட்டு"ன்னா. போன்ல திறந்தேன். பக்கம் முழுக்கச் சுருங்கி, மேல ஒரு மயில், கீழ எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. "எல்லாத் திரைக்கும் பொருந்தற மாதிரி வடிவமைப்பது எப்படி"ங்கற என் பதிவையே ரெண்டு விரல்ல இழுத்துப் பெருசாக்கித்தான் படிக்க முடிஞ்சது. பொண்ணு ஒண்ணும் சொல்லலை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

மூணு வாரம் ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் பிரிச்சுட்டேன். பதிவெல்லாம் மார்க்டவுன்ங்கற எளிய எழுத்துக் கோப்பு. லெவன்டிங்கற கருவியை வெச்சு நிலையான எச்டிஎம்எல் பக்கமா உருவாக்கறேன். டேட்டாபேஸ் இல்லை, பிளகின் இல்லை, ஒரே ஒரு சிஎஸ்எஸ் கோப்பு. 2006ல ஃபுளோட்ங்கற சிஎஸ்எஸ் வித்தையைப் போட்டு மூணு பத்தி நிக்க வைக்க நான் பட்ட பாடு இப்ப கிரிட்ங்கற புது வழியில நாலு வரி. தோற்றத்துக்கு எனக்குப் பிடிச்ச ஒரு இங்கிலீஷ் போர்ட்ஃபோலியோ தளத்தோட அளவுகளைத்தான் எடுத்துக்கிட்டேன். பின்னூட்டத்தை எடுத்துட்டேன், மயிலையும் எடுத்துட்டேன்.

கேக்க வேண்டியது ரெண்டு. பார்க்க எப்படி இருக்கு? பழைய பதிவுகளைத் தூக்கிடலாமா? தயவு தாட்சண்யம் பார்க்காம சொல்லுங்க.

பின்வாசல் | சனி, காலை 6.48

காலையில காபியோட, புதுப் பதிவுகளைத் திரட்டிக் காட்டற ஃபீட் ரீடரைத் திறந்தா உங்க தளத்துல இருந்து 212 புதுப் பதிவு. மேல நிக்கறது "இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6ல மார்ஜின் ரெண்டு மடங்காவது ஏன்?" ஒரு நிமிஷம் நான்தான் தூங்கி எழுந்து பின்னோக்கிப் போயிட்டேனோன்னு பயந்துட்டேன்.

அந்த ஃபீடை எழுதற ஆர்எஸ்எஸ்ல ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு அடையாளக் குறி இருக்கு. ரீடர் அதை வெச்சுத்தான் பழசு புதுசு பிரிக்கும். நீங்க அதைப் புது முகவரியா மாத்திட்டீங்க, அதனால எல்லாமே அதுக்குப் புதுசு. பழைய வேர்ட்பிரஸ் கொடுத்த குறியை அப்படியே மார்க்டவுன் கோப்பு தலையில எழுதி வெச்சு அதையே ஃபீட்ல விடுங்க. முகவரி எதுவா வேணா இருக்கட்டும், குறி மாறக் கூடாது. இல்லைன்னா ஃபீட்ல கடைசிப் பத்தை மட்டும் விடுங்க.

இன்னமும் உங்க ஃபீடை வெச்சிருக்கேன் பாருங்க. 2013ல கூகுள் ரீடரை மூடினப்ப ஏத்துமதி பண்ணின பட்டியல் அது.

நாடாஓட்டம் | சனி, காலை 7.15

ஐயோ. மன்னிச்சுக்கங்க. இப்பவே பண்றேன்.

நேர்வழி | சனி, காலை 9.02

ஒரு சந்தேகம். இதெல்லாம் யாருக்கு? ஃபிளெக்ஸ்பாக்ஸ் மாதிரி ஒரு சிஎஸ்எஸ் விஷயத்தை யூடியூப்ல தேடினா தமிழ்லயே ஆயிரம் வீடியோ வருது. சந்தேகம்னா ஏஐ கிட்ட கேக்கறான் பையன். சொந்த டொமைன்ல உக்காந்து கட்டுரை எழுதி யார் படிக்கப் போறாங்க? பழையதைத் தூக்கிடலாமான்னு வேற கேக்கறீங்க. முழுசா தூக்கிட்டு ஒரு பக்கத்துல பேர், வேலை, தொடர்பு போடுங்க, போதும். அந்தப் பழைய ஐஇ 6 பிரவுசர் பதிவை இன்னைக்கு ஒருத்தன் படிச்சு அப்படியே பண்ணினா பாவம் உங்களுக்குத்தான்.

பனங்கிழங்கு | சனி, பகல் 1.33

அழிக்காதேங்கோ அண்ணை.

நான் 2012ல யாழ்ப்பாணத்தில படிச்சுக்கொண்டிருக்கேக்க உங்கட பக்கத்தைப் பாத்துத்தான் ஃபுளோட் எண்டா என்னெண்டு எனக்கு விளங்கினது. புத்தகம் எல்லாம் ஆங்கிலத்தில. நீங்கள் "பஸ்ஸில யன்னல் சீற்றில ஒராள் இருந்தா மற்றாக்கள் பக்கத்தில ஒதுங்கி இருக்கிற மாதிரி" எண்ட கருத்தில ஒரு படம் கீறி இருந்தனீங்கள். இப்ப ஜெர்மனியில இதே வேலைதான் செய்யிறன். புதுசா வாற பிள்ளையளுக்கு நானும் அந்த பஸ் கதையைத்தான் டொச்சில சொல்லுறனான்.

ஐஇ 6 ஒருத்தருக்கும் தேவையில்லை, ஓம். ஆனா ஒரு காலத்தில ஆக்கள் என்னத்தோட மல்லுக்கட்டினவை எண்டது தமிழில எழுதிக் கிடக்கிற இடம் கனக்க இல்லை. மேல ஒரு கோடு போட்டு "இது 2008ல எழுதினது, இப்ப இப்பிடிச் செய்யிறேல்லை" எண்டு எழுதிவிடுங்கோ.

மற்றது, எழுத்துருவை கூகுள் சேர்வரில இருந்து நேர எடுக்கிறீங்கள் போல. 2022 ஜனவரியில மியூனிக் நீதிமன்றம் ஒண்டு, வாசகற்ற ஐபி முகவரி அவரைக் கேக்காமல் கூகுளுக்குப் போகுது எண்டு தளம் வச்சிருந்தவர் 100 யூரோ கட்ட வேணும் எண்டு தீர்ப்புச் சொன்னது. அதுக்குப் பிறகு இங்க எல்லாரும் எழுத்துருக் கோப்பைத் தங்கட தளத்திலயே வைக்கினம். அங்க இருந்து எடுத்தா வேகம் எண்ட கதையும் இப்ப இல்லை. 2020ல குரோம் 86 வந்ததில இருந்து ஒரு தளத்துக்கு இறக்கின எழுத்துருவை மற்றத் தளம் பாவிக்க ஏலாது.

மயில் எங்கை?

நாடாஓட்டம் | சனி, மாலை 5.10

நேர்வழி, நீங்க கேட்டது நியாயம்தான். படிக்க ஆள் வருமான்னு கேட்டா எனக்கும் பதில் இல்லை. ஆனா பஸ் கதை எனக்கே மறந்து போச்சு, ஜெர்மனியில ஒருத்தர் அதைச் சொல்லிட்டு இருக்கார். தூக்கலைங்க.

எழுத்துருவை இறக்கி நம்ம தளத்துலயே வெச்சாச்சு. தமிழ்ப் பகுதி மட்டும் தனிக் கோப்பு, வலைக்குன்னு சுருக்கின வோஃப் 2 வடிவம்.

மயில்... அது 2006ல ஒரு நண்பன் பெயின்ட்ல வரைஞ்சது. அரை அடி அகலம், வால் மட்டும் ஏழு நிறம். நவீனமா இருக்காதுன்னு எடுத்துட்டேன்.

அச்சுக்கோர்ப்பு | சனி, இரவு 9.40

தம்பி, கம்ப்யூட்டர் சமாச்சாரம் எனக்கு அரைகுறை. சிவகாசியில அச்சகத்துல ஈய எழுத்து அடுக்கினதுல தொடங்கி கம்ப்யூட்டர்ல பக்கம் கட்டற டிடிபி வரைக்கும் வந்தவன். பேரன் உங்க பக்கத்தைக் காட்டினான். வாசகம் நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா எழுத்தை இங்கிலீஷ்காரன் சட்டையில திணிச்சு வெச்சிருக்கீங்க.

முதல்ல தலைப்பு. வரிக்கு வரி இடைவெளி விடவே இல்லை. இங்கிலீஷ்ல தலைப்பை நெருக்கி அடுக்கலாம். பெரிய எழுத்தா போட்டுட்டா கீழ தொங்கறதுக்கு ஒண்ணும் கிடையாது. தமிழ்ல அப்படியா? உங்க முகப்புத் தலைப்புல முதல் வரி "வடிவமைப்பு"ன்னு முடியுது, அந்த "பு" கீழ இறங்குது. ரெண்டாவது வரியில அதுக்கு நேர் கீழ "கீ" வருது, அந்தச் சுழி மேல ஏறுது. ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்குது. "ழு", "ஞு" வந்தா இன்னும் மோசம். லீடிங்கை, அதான் வரி இடைவெளியை, கூட்டுங்க.

அடுத்தது எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல இடத்தைக் குறைச்சிருக்கீங்க. பேரன் மைனஸ்ல ஏதோ போட்டிருக்குன்னு சொன்னான். "ண"வும் "ன"வும் ஒட்டி, மூணு சுழியா ரெண்டு சுழியான்னு எண்ண வேண்டியிருக்கு. தமிழ் எழுத்து அகலம், உள்ளேயே வெட்டவெளி ஜாஸ்தி. வெளியில இடத்தைப் பிடுங்கினா உள்ளே இருக்கற வெளியும் வெளியில இருக்கற வெளியும் ஒண்ணாயிரும், கண்ணு தடுமாறும்.

இன்னொண்ணு. நாள், பகுதி, குறிச்சொல் எல்லாத்தையும் குட்டி எழுத்தாக்கி, அங்க மட்டும் விரிச்சு விரிச்சு வெச்சிருக்கீங்க. இங்கிலீஷ்ல அது கேபிட்டல் எழுத்துக்குப் பண்ற அலங்காரம். சின்ன கேபிட்டல், நடுவுல காத்தோட்டம், பார்க்க அழகா இருக்கும். தமிழ்ல கேபிட்டல் ஏது? நம்ம எழுத்தை அப்படி விரிச்சா பல்லு போன வாய் மாதிரி இருக்கு. மேற்கோளைச் சாய்ச்சிருக்கீங்க, அதுவும் வேண்டாம். தமிழுக்குச் சாய்வெழுத்துன்னு பரம்பரையா ஒண்ணு கிடையாது. நேரா நிக்கறதை மெஷின் தள்ளிச் சாய்க்குது, அவ்வளவுதான்.

அப்ப எதை வெச்சுப் பிரிச்சுக் காட்டறதுன்னு கேப்பீங்க. தடிமன், அளவு, நிறம், வெத்திடம். எங்களுக்கு அச்சகத்துல நிறம்கூடக் கிடையாது.

பத்தியை ரெண்டு ஓரமும் சமமா இழுத்துப் பிடிச்சிருக்கறதை விட்டுருங்க. பேப்பர்ல அப்படித்தானே வருதுன்னு சொல்லாதீங்க. பேப்பர்ல வார்த்தையை எங்க வேணா உடைச்சு அடுத்த வரிக்குத் தள்ளுவோம், ஹைபன்கூடப் போட மாட்டோம். உங்க பிரவுசர் உடைக்காம முழு வார்த்தையா தள்ளுது. "சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு"ன்னு ஒண்ணு அடுத்த வரிக்குப் போனா மேல் வரியில மிச்சம் மூணு வார்த்தை, நடுவுல மாட்டு வண்டி போகலாம். இடது பக்கம் மட்டும் நேரா விடுங்க.

வரிக்கு ஆறேழு வார்த்தை வருது. அதை மட்டும் தொடாதீங்க.

நாடாஓட்டம் | சனி, இரவு 10.25

ஐயா, கையெடுத்துக் கும்பிடறேன். 19 வருஷமா தமிழ்ல வடிவமைப்பு சொல்லித் தர்றேன்னு திரியறேன், தமிழ் எழுத்தைப் பத்தி ஒரு பதிவுகூட எழுதலை. பெட்டி, பத்தி, நிறம்னு எல்லாம் எழுதியிருக்கேன். எழுத்தைத் தவிர.

இப்ப மாத்தினது: உடல் எழுத்துக்கு முக்த மலர்ங்கற எழுத்துரு, 19 பிக்சல், வரி உயரம் 1.75. தலைப்பு கேட்டமரான், வரி உயரம் 1.4, லெட்டர்-ஸ்பேசிங் எல்லா இடத்துலயும் பூஜ்யம். சாய்வை எடுத்துட்டு மேற்கோளுக்கு இடது பக்கம் தடிச்ச கோடு. ஃபான்ட்-சிந்தசிஸ் "நன்"னு போட்டுட்டேன், பிரவுசர் தானா எதையும் சாய்க்காது.

வரி அகலம் உண்மையில தற்செயல். 65 சிஎச்னு இங்கிலீஷ் தளத்துல இருந்ததை அப்படியே எடுத்தேன். சிஎச்ங்கறது அந்த எழுத்துருவோட பூஜ்யத்தின் அகலம். இங்கிலீஷ்ல 65 எழுத்துக்கு மேலேயே வரும். நம்ம எழுத்து பூஜ்யத்தை விட அகலம், அதனால குறைவா வருது. 90 ஆக்கிடலாம்னு இருந்தேன், நல்லவேளை.

கொத்தமல்லி | ஞாயிறு, காலை 11.05

அண்ணா, நான் ஃப்ரண்ட்-எண்ட்ல நாலு வருஷமா இருக்கேன். கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன். கோச்சுக்காதீங்க.

முகப்புல "கொஞ்சம் வடிவமைப்போம்"னு எழுத்து ஒண்ணொண்ணா மேல இருந்து விழற அனிமேஷன் இருக்குல்ல? என் போன்ல முதல்ல "க" விழுது, அப்புறம் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கிட்டு ஒரு கொம்பும் ஒரு காலும் தனியா விழுது. அப்புறம் "ஞ", அப்புறம் வெறும் புள்ளி. தூறல்ல பல்லு விழுந்த மாதிரி இருக்கு. ஜாவாஸ்கிரிப்ட்ல வெறுமனே ஸ்ப்ளிட் பண்ணியிருக்கீங்க. அது யூனிகோட் குறியைத்தான், அதாவது கணினி உள்ளே தனித்தனியா வெச்சிருக்கற துண்டைத்தான் எண்ணும். "கொஞ்சம்" நமக்கு நாலு எழுத்து: கொ, ஞ், ச, ம். கணினிக்கு ஏழு. க, ஒகரக் குறி, ஞ, புள்ளி, ச, ம, புள்ளி. எழுத்துவாரியா வெட்டணும்னா ஜாவாஸ்கிரிப்ட்லயே இன்ட்ல் செக்மென்ட்டர்னு இருக்கு. ஃபயர்ஃபாக்ஸ்ல 2024 ஏப்ரல்ல வந்த 125லதான் சேர்ந்தது, அதனால பல பேருக்கு இன்னும் தெரியலை. ஆனா நேர்மையா சொன்னா அந்த அனிமேஷனே வேண்டாம்ணா.

குறிச்சொல் பக்கங்கள். "வடிவமைப்பு"ங்கற குறிச்சொல்லைத் தட்டினா மேல முகவரியில "வடவமபப"ன்னு வருது. நானும் என் ரூம்மேட்டும் அதைச் சத்தமா படிச்சுச் சிரிச்சுட்டு இருக்கோம். எங்கயோ எழுத்தை வடிகட்டற ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல "எழுத்து மட்டும் வை, மத்ததை நீக்கு"ன்னு போட்டிருப்பீங்க. யூனிகோட் கணக்குல உயிர்மெய்க் குறியும் புள்ளியும் எழுத்து வகையில வராது, அது மார்க்ங்கற தனி வகை. ரெண்டையும் சேர்த்து அனுமதிக்கணும்.

அப்புறம் அந்த நாகரிகச் சாம்பல். வெள்ளை மேல 999ங்கற நிறக் குறியில தேதி எழுதியிருக்கீங்க. மாறுபாடு 2.85க்கு 1 வருது, குறைஞ்சபட்சம் 4.5 வேணும். 767676 வரைக்கும் கருப்பாக்கினா தாண்டிடும், இன்னும் கருப்பாக்கினா நல்லது. வெயில்ல பஸ் ஸ்டாப்ல நின்னு பாருங்க, தேதியே காணோம்.

கடைசியா, பக்கத்தோட மேல் வரியில மொழி "இஎன்"னு இருக்கு. டெம்ப்ளேட்ல இருந்து வந்திருக்கும். "டிஏ"ன்னு மாத்துங்க. என்விடிஏ மாதிரி, பார்வையில்லாதவங்களுக்குத் திரையைப் படிச்சுச் சொல்ற திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறும். அதுக்குக் குரல் கொடுக்கற இஸ்பீக்ல தமிழ் இருக்கு, ஆனா நீங்க இங்கிலீஷ்னு சொன்னா அது இங்கிலீஷ் குரல்லயே தமிழோட மல்லுக்கட்டும்.

அய்யய்யோ, இன்னொண்ணு. மெனுவில "எம்மைப் பற்றி"ன்னு இருக்கு. நீங்க ஒரு ஆள்தானே அண்ணா?

நாடாஓட்டம் | ஞாயிறு, பகல் 12.30

"வடவமபப" பார்த்து என் வீட்டம்மா இப்ப என்னை அப்படித்தான் கூப்பிடறாங்க.

எல்லாம் சரி பண்ணியாச்சு. அனிமேஷன் போச்சு. "எம்மை" "என்னை" ஆச்சு. 2006ல கம்பெனி மாதிரி தெரியட்டும்னு போட்டது, யாரும் கேக்கலை.

பின்வாசல் | ஞாயிறு, இரவு 8.15

எல்லாரும் முகத்தைப் பார்க்கறீங்க, நான் முதுகைப் பார்க்கறேன். முகவரி.

என் பழைய புக்மார்க்ல இருந்து உங்க பக்கம் ஏழைத் தட்டினேன். ஏழும் "பக்கம் கிடைக்கவில்லை". உங்க தளத்துக்கு இதுவரைக்கும் மூணு தலைமுறை முகவரி இருந்திருக்கு.

முதல் தலைமுறை பிளாகர். தலைப்பு முழுக்கத் தமிழா இருந்தா முகவரியில "பிளாக்-போஸ்ட்"னு போட்டு ஒரு எண் சேர்த்துடும். உங்களுது 23, 24, 25ன்னு போகுது. அசிங்கம்தான், ஆனா சின்னது.

ரெண்டாவது வேர்ட்பிரஸ், தமிழ் ஸ்லக், அதாவது முகவரியில தலைப்பு வர்ற துண்டு. இதுல ஒரு வேடிக்கை. முகவரியில ஒவ்வொரு தமிழ் யூனிகோட் குறியும் யுடிஎஃப்-8ங்கற சேமிப்பு முறையில மூணு பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோட சேர்த்து மூணு இடம். ஆக ஒரு குறிக்கு 9 இடம். ஸ்லக்குக்கு இருக்கற இடம் 200. உங்க தொடர் தலைப்பு "இணையதள வடிவமைப்பில் எழுத்துருத் தேர்வு". "இணையதள" 6 குறி, "வடிவமைப்பில்" 12 குறி, ரெண்டு ஹைபன். 162ம் 2ம் 164. மிச்சம் 36. நாலே குறி. எ, ழ, உகரக் குறி, த. அதோட கத்தரி. முகவரி "இணையதள-வடிவமைப்பில்-எழுத" ஆயிடுச்சு. அடுத்த பாகம் "இணையதள வடிவமைப்பில் எழுத்தின் அளவு". அதுவும் அதே இடத்துல வெட்டுப்பட்டு அதே முகவரிக்கு வந்து நிக்குது. மோதக் கூடாதுன்னு பின்னாடி 2 சேர்க்க இடம் வேணும், அதனால கடைசித் "த"வும் போய் "எழு-2".

தொடரோட ரெண்டாம் பாகம் "எழு-2"ங்கற பேர்ல ஏழெட்டு வருஷம் இணையத்துல நின்னிருக்கு. யாரோ தூங்கறவனை ரெண்டாவது தடவை எழுப்பற மாதிரி.

மூணாவது, இப்ப நீங்க வெச்சிருக்கறது. ஆண்டு, அதுக்குக் கீழ முழுத் தமிழ்த் தலைப்பு. பார்க்க அழகு. ஆனா வாட்ஸப்புல நகலெடுத்து ஒட்டிப் பாருங்க. மூணு திரை நீளத்துக்குச் சதவீதக் குறியும் எண்ணுமா ஒரு காடு வருது. எங்க அக்கா அதைப் பார்த்துட்டு வைரஸ்னு நீக்கிட்டாங்க.

ஒண்ணு, ஸ்லக்கை ரெண்டு வார்த்தைக்குள்ள வைங்க. இல்லை ரோமன்ல வைங்க. ரெண்டுல எதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க. ஆனா முந்தின ரெண்டு தலைமுறைக்கும், பழைய முகவரியில வர்றவங்களைப் புதுசுக்கு அனுப்பற 301 ரீடைரக்ட் கட்டாயம் போடணும். 212 வரிதானே, ஒரு ராத்திரி வேலை.

பனங்கிழங்கு | ஞாயிறு, இரவு 9.50

ரோமன் வேண்டாம் அண்ணை. நீங்கள் ஒரு மாதிரி எழுதுவியள், நான் வேற மாதிரித் தேடுவன். "ழ"வுக்கே ரெண்டு மூண்டு எழுத்துக்கூட்டல் இருக்கு. சின்னத் தமிழ்ச் சொல்லா வையுங்கோ. "ஃபுளோட்", "கிரிட்", "மயில்".

நாடாஓட்டம் | திங்கள், இரவு 1.05

212 வரின்னு சொன்னீங்க. உக்காந்தேன். பிளாகர் முகவரிகளை எங்க போய்த் தேடறது? என்கிட்ட இருந்த நகல் போச்சு. நடுவுல வெச்சிருந்த ஒரு ஹோஸ்டிங்காரங்க சர்வரை மாத்தறேன்னு பழைய பேக்கப்பையும் சேர்த்து அழிச்சாங்க, 2014 வாக்குல. கடைசியில பழைய வலைப்பக்கங்களைச் சேமிச்சு வைக்கற இன்டர்நெட் ஆர்க்கைவ்ல என் பழைய பக்கங்களைத் திறந்து ஒவ்வொரு மாசத்துப் பட்டியலையும் எடுத்து ஒட்டினேன். 140 வரை கிடைச்சது. மிச்சம் கிடைச்சா போடறேன்.

ஆர்க்கைவ்ல அந்தப் பக்கத்தைத் திறந்தப்ப ஒண்ணு நடந்துச்சு. பின்னூட்டங்களும் அப்படியே இருந்துச்சு. நான் இந்தத் தடவை பின்னூட்டத்தைத் தூக்கினேன்ல? 2009ல எழுதின நிறப் பொருத்தம் பதிவுல என் கணக்கு தப்புன்னு ஒருத்தர் கீழ எட்டுப் பத்தி எழுதியிருக்கார். பதிவை விட அந்தப் பின்னூட்டம் நல்லா இருக்கு. பேரைச் சொன்னா இங்க பழைய ஆளுங்களுக்குத் தெரியும். அவர் இப்ப இல்லை. அவர் எழுதினதைத் தூக்கிட்டு தப்புக் கணக்கு போட்ட என் பதிவை மட்டும் வெச்சிருந்தேன்.

எல்லாப் பின்னூட்டத்தையும் பதிவுக்குக் கீழ வெறும் எழுத்தா சேர்த்துட்டேன். மின்னஞ்சல், ஐபி, முகப்படம் எல்லாம் நீக்கியாச்சு. பேரும் தேதியும் மட்டும்.

அச்சுக்கோர்ப்பு | திங்கள், காலை 6.30

நல்ல காரியம் பண்ணினீங்க தம்பி.

தேடு பெட்டியில "கௌரவம்"னு தேடினா ஒண்ணும் வரலை, ஆனா உங்க பதிவுல அந்த வார்த்தை இருக்கு. உத்துப் பார்த்தா நீங்க "க"வுக்கு முன்னாடி கொம்பு போட்டு, பின்னாடி "ள" எழுதியிருக்கீங்க. கெளரவம். கண்ணுக்கு ஒரே மாதிரி. ஈயத்துல அடுக்கறப்ப நாங்களும் அந்த "ள"வையே எடுத்துப் போட்டிருக்கோம், யாருக்குத் தெரியும்? கம்ப்யூட்டருக்குத் தெரியுதாமே.

கொத்தமல்லி | திங்கள், காலை 9.20

ஐயா சொல்றது சரி. ஔகாரக் குறி ஒண்ணு, ஒற்றைக் கொம்பும் ள-வும் வேற. அதை நார்மலைஸ் பண்ணி ஒரே வடிவமாக்கப் பார்த்தாலும் சரியாகாது, ஒவ்வொண்ணா தேடித் திருத்தணும். ஒகரம், ஓகாரம் அப்படி இல்லை. கொம்பும் காலும் தனித்தனியா அடிச்சிருந்தாக்கூட என்எஃப்சிங்கற நார்மலைஸ் முறையைப் போட்டா ஒரே குறியா சேர்ந்துடும். டிஸ்கிங்கற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில இருந்து மாத்தின பதிவுகள்ல இது நிறைய இருக்கும்ணா. உருவாக்கற நேரத்துலயே எல்லாத்தையும் என்எஃப்சி ஆக்கிடுங்க.

நேர்வழி | திங்கள், காலை 10.00

தளத்தை மூடச் சொன்னவன் நான்தான். இப்ப ஒரு உதவி. தமிழ்ல தலைப்புக்கு வரி உயரம் 1.4ன்னு சொன்னீங்களே, அது எல்லா எழுத்துருவுக்கும் பொருந்துமா? எங்க ஆபீஸ்ல ஒரு கிளையன்ட் தமிழ்ப் பக்கம் கேக்கறாங்க. நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டிருக்கோம், பட்டன்ல எழுத்து நடுவுல நிக்காம கொஞ்சம் கீழ இறங்கி நிக்குது.

நாடாஓட்டம் | திங்கள், இரவு 10.40

வாங்க வாங்க. பொருந்தாதுங்க. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் மேல கீழ ஒதுக்கற இடம் வேற. ஒரே பட்டன்ல இங்கிலீஷ் ஒரு எழுத்துரு, தமிழ் ஒரு எழுத்துருன்னா ரெண்டு அளவும் சேர்ந்து பெட்டியைத் தள்ளும். எழுத்துருவை அறிவிக்கற இடத்துலயே அந்த மேல், கீழ் இடத்தை மாத்தற அசென்ட்-ஓவர்ரைடு, டிசென்ட்-ஓவர்ரைடுன்னு ரெண்டு இருக்கு, அதை வெச்சுத் தட்டிச் சரி பண்ணலாம். சஃபாரி அதை மதிக்காம விடலாம், ஐபோன்ல ஒரு தடவை பாருங்க. இங்கிலீஷுக்குப் பக்கத்துல தமிழ் பெருசா தெரிஞ்சா சைஸ்-அட்ஜஸ்ட் வெச்சு அளவைக் குறைங்க. இன்னொண்ணு, பட்டனுக்கு உயரத்தை நிலையா வைக்காதீங்க. "சப்மிட்" ஒரு வரி. "சமர்ப்பிக்கவும்" 360 பிக்சல் போன்ல பக்கத்துல இன்னொரு பட்டனும் இருந்தா ரெண்டு வரி ஆகும். "அனுப்பு"ன்னு போடுங்க, பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்.

இதையே முதல் புதுப் பதிவா எழுதலாம்னு இருக்கேன். 2017க்கு அப்புறம் முதல் பதிவு. தலைப்பு "பு கீழே, கீ மேலே". அச்சுக்கோர்ப்பு ஐயா பேரைப் போட்டுக்கலாமா?

அச்சுக்கோர்ப்பு | செவ்வாய், காலை 6.10

பேரெல்லாம் வேண்டாம். சிவகாசின்னு போடுங்க.

நாடாஓட்டம் | புதன், இரவு 11.50

நிலவரம். 301 இப்ப 352 வரி, வேர்ட்பிரஸ் 212, பிளாகர் 140. முகவரி எல்லாம் ரெண்டு வார்த்தைக்குள்ள. "எழு-2" முகவரியையும் ரீடைரக்ட்ல விட்டு வெச்சிருக்கேன், அது பாட்டுக்கு இருக்கட்டும். "கெள" 31 இடத்துல திருத்தினேன். ஐஇ 6, டேபிள், ஃபிளாஷ் மெனு எல்லாம் "பரண்"ங்கற பகுதிக்கு ஏத்தியாச்சு. மேல மஞ்சள் பட்டையில எழுதின வருஷம் இருக்கும். பஸ் படத்தைப் புதுசா வரையலை, பழைய படமேதான்.

மயில் திரும்பி வந்துடுச்சு. முகப்புல இல்லை. "பக்கம் கிடைக்கவில்லை" பக்கத்துல நிக்குது, வாலோட.

பனங்கிழங்கு | வியாழன், அதிகாலை 2.14

ஒரு பிழை முகவரி அடிச்சுப் பாத்தன். வந்திட்டுது. நல்ல வடிவு.

கொத்தமல்லி | வியாழன், காலை 8.35

அண்ணா, திரைவாசிப்பான்ல அந்தப் பக்கத்தைக் கேட்டேன். மயில் வர்ற இடத்துல "ஐஎம்ஜி 0047 ஃபைனல் 2"ன்னு வாசிக்குது. படத்துக்கு விளக்கமா வர்ற ஆல்ட் எழுத மறந்துட்டீங்க.

நாடாஓட்டம் | வியாழன், காலை 8.41

எழுதிட்டேன்: "மயில். நீங்க வழி மாறி வந்துட்டீங்க."